ஜாலிக்கு அடியில்

நாகலூர் ஹோம்ஸ்டேக்களின் குளியலறை ஏன் அடைத்துக்கொள்கிறது? அடைத்தால் யாருடைய கை உள்ளே போகிறது?

தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியஸில் உறையத் தொடங்கிவிடும். சேலத்துக் கடையில் வாங்கும் பாட்டில் வருடத்தில் பெரும்பாலான நாட்கள் தண்ணீராகத்தான் ஆடும். அதே பாட்டிலை 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏற்றி ஏற்காட்டுக்குக் கொண்டுவந்து, காபித் தோட்டங்களுக்கு நடுவே நாகலூர் போய், மார்கழி இரவில் திண்ணையில் வைத்துப் பாருங்கள். விடியும்போது வெள்ளையாகக் கட்டியிருக்கும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் இந்த மலையில் வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே இறங்குவது சாதாரணம்.

பாட்டிலுக்குள் நடப்பது குளியலறைக் குழாய்க்குள்ளும் நடக்கிறது. கீசர் வெந்நீரில் உருகித் தலையிலிருந்து இறங்கும் எண்ணெய், வெளிச்சுவரை ஒட்டி வெயில் படாமல் ஓடும் மூன்று அங்குல பி.வி.சி. குழாயைத் தொட்டதும் குளிர்ந்துபோய் உட்புறத்தில் படிகிறது. அடுத்து வரும் முடி அந்தப் பிசுக்கில் ஒட்டுகிறது. அதன்மேல் சோப்பு. அதன்மேல், நாள் முழுக்கத் தோட்டத்தில் சுற்றிவிட்டு வந்து கால் கழுவியவர்களின் செம்மண். சமவெளியில் மெதுவாக நடக்கிற வேலை, மலையில் குளிரின் தயவால் விரைவாக முடிந்துவிடுகிறது. சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு விருந்தினர் போன் செய்கிறார்: “சார், பாத்ரூம்ல தண்ணி போகல. கணுக்கால் அளவுக்கு நிக்குது.”

நாகலூர், ஏற்காடு ஊராட்சி ஒன்றியத்தின் ஊராட்சிகளில் ஒன்று. ஏரி, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட் என்று கூட்டம் மொய்க்கும் இடங்களைத் தாண்டி அமைதி தேடுகிறவர்கள் இந்தப் பக்கம் வருகிறார்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் காபியைக் கொண்டுவந்து நட்ட மலை இது. சில்வர் ஓக் நிழலில் காபி, அந்த ஓக் மரத்தின் மேலேயே மிளகுக் கொடி என்பதுதான் இன்றைக்கும் இங்கே தோட்டத்தின் அமைப்பு. காபி விலை ஏறி இறங்கும்; வார இறுதி வாடகை அப்படி இறங்குவதில்லை. அதனால் தோட்ட வீடுகள் பலவும் ஹோம்ஸ்டே ஆயின. சேலம், ஈரோடு, சென்னை, பெங்களூரு கார்கள் வெள்ளி மாலை ஏறும், ஞாயிறு மதியம் இறங்கும்.

ஊரில் பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு ஒரு செப்டிக் டேங்க், அதைத் தாண்டி ஓர் உறிஞ்சு குழி. குளியலறையிலிருந்து போவதெல்லாம் கடைசியில் அந்த வீட்டின் மண்ணுக்குள்ளேயேதான் போய்ச் சேர வேண்டும். அடைப்பு எடுக்க நகராட்சி ஊழியர் வரமாட்டார். நல்ல பிளம்பர் வேண்டுமென்றால் பெரும்பாலும் கீழேயிருந்துதான் வரவேண்டும். மே மாதத்தில் கோடை விழா நடக்கும் வாரத்தில் அவரைப் பிடிப்பதற்குள் விருந்தினர் காலி செய்துகொண்டு போய்விடுவார்.

இப்படியான நேரத்தில் வீட்டுக்காரர் வாயில் முதலில் வருவது விருந்தினர் மீதான வசவு. அது பாதிதான் நியாயம். சொந்த வீட்டில் தலைக்குக் குளித்தவர் தரையில் கிடக்கும் முடியைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் வெளியே வருவார். சின்ன வயதில் அம்மாவிடம் வாங்கிய திட்டு அப்படிப் பழக்கியிருக்கும். அதே ஆள் இரண்டு ராத்திரி தங்கும் வீட்டில், கூடைகூட வைக்காத குளியலறையில், ஈர முடியைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வார்? தரையின் வடிகால் துளையை மூடியிருக்கும் ஜாலியைக் கால் கட்டைவிரலால் நகர்த்தி உள்ளே தள்ளுவார். அந்தக் குளியலறையை அடுத்த வாரம் பார்க்கப்போவது அவர் இல்லை. ஒரு மனிதனுக்கு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. எட்டுப் பேர், இரண்டு நாள் என்றால் ஆயிரத்தைச் சுற்றி வரும். அதில் கணிசமான பங்கு குளிக்கும்போதும் தலை வாரும்போதும்தான் விழுகிறது. ஆகவே முடி வரும் என்பது ஏற்கெனவே தெரிந்த விஷயம். தெரிந்த விஷயத்துக்கு ஏற்பாடு செய்யாமல் இருந்தது வீட்டுக்காரர்.

உள்ளே என்ன இருக்கிறது?

ஜாலிக்கு அடியிலிருக்கும் தரை டிராப்பைத் திறந்து வாரி எடுப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? முடிதான் கயிறு. அந்தக் கயிறு பிடித்து வைத்திருக்கும் சாமான்களில் நம் ஊர் அடையாளம் அப்படியே தெரியும். ஸ்டிக்கர் பொட்டு. கொண்டை ஊசி. பேஸ்ட் மூடி. மல்லிகைச் சரத்தின் நார். சீயக்காய்த் தூள், சேலம் பக்கத்துக் குடும்பங்கள் என்றால் அரப்புத் தூள். இவை இரண்டும் தண்ணீரில் கரைவதில்லை, ஊறிப் போய் அடியில் சேறாகத் தங்கும். பாசிப்பயறு மாவும் அப்படித்தான்.

எல்லாவற்றிலும் மோசமானது ஒன்று உண்டு: ஷாம்பு பாக்கெட்டின் கிழித்த மூலை. கால் அங்குலம்கூட இருக்காது. ஜாலியின் ஓட்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கி, டிராப்பின் வளைவில் குறுக்கே நின்றுகொள்ளும். ஷாம்புவைப் பாக்கெட்டில் அடைத்து ஏழை வீட்டுக்கும் கொண்டுபோன பெருமை கடலூர்க்காரரான சின்னிகிருஷ்ணனுக்கு உண்டு. அவர் குடும்பத்திலிருந்து ‘வெல்வெட்’டும் பிறகு ‘சிக்’கும் வந்தன. நாட்டின் வியாபார வரலாற்றில் அது பெரிய கதை. அந்தக் கதைக்குள் இந்தக் கிழித்த மூலையைப் பற்றி யாரும் எழுதவில்லை. ஹோம்ஸ்டேக்காரர் செய்யக்கூடிய மிக மலிவான சீர்திருத்தம் இங்கே இருக்கிறது. வரவேற்புத் தட்டில் பாக்கெட் ஷாம்பு வைப்பதை நிறுத்திவிட்டு, சுவரில் அழுத்தி எடுக்கும் டப்பா ஒன்றை மாட்டிவிடலாம். சோப்புக்கும் அதுவே. பாதியில் விட்டுப்போன சோப்புத் துண்டுகள் ஊறி ஜாலிக்குள் இறங்குவதும் அதோடு நின்றுவிடும்.

வாஷ்பேசின் கதை வேறு. பால்கனியில் கிரில் சிக்கன், பரோட்டா, நடுஇரவு வரை பாட்டு என்று போகும் வீடுகளில் தட்டு கழுவும் இடமாக அது மாறிவிடுகிறது. சோறு, எலும்புத் துண்டு, சால்னா எண்ணெய். குடித்தவர்களில் யாராவது ஒருவர் வாந்தி எடுப்பதும் பெரும்பாலும் அதில்தான்; இதைப் பற்றி ஹோம்ஸ்டே விளம்பரங்கள் பேசுவதில்லை, அறையைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் பேசுவார்கள். பேசினுக்கு அடியில் இருக்கும் பாட்டில் டிராப்பின் கிண்ணத்தை எந்தக் கருவியும் இல்லாமல் கையாலேயே திருகிக் கழற்றலாம். கீழே ஒரு பக்கெட் வைத்துக்கொண்டு வாராவாரம் கழுவிவிட்டால் பேசின் அடைப்பில் பெரும்பகுதி வராமலே போகும். பலர் வருடக்கணக்கில் அதைத் தொடுவதில்லை.

கழிவறைக்குள் போகக் கூடாதவற்றில் முதல் இரண்டு: நாப்கினும் டயாபரும். அவற்றுக்குள் இருக்கும் குருணை, தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரை இழுத்து ஊதிக்கொள்ளும், அதற்காகவே செய்யப்பட்டது. வெட் டிஷ்யூவும் போகக் கூடாது. பேருக்கு டிஷ்யூ, பெரும்பாலானவற்றில் பிளாஸ்டிக் இழை. லண்டன் வைட்சேப்பல் பகுதிச் சாக்கடையில் 2017-ல் 250 மீட்டர் நீளத்துக்கு, 130 டன் எடையில் ஒரு கொழுப்புக் கட்டியைக் கண்டுபிடித்தார்கள். சமையல் எண்ணெயும் வெட் டிஷ்யூவும் சேர்ந்து இறுகியது. உடைத்து எடுக்க வாரக்கணக்கில் ஆனது. அங்கே பூமிக்கடியில் ஆள் நுழையும் அளவுக்குச் சாக்கடை இருந்தது. நாகலூரில் இருப்பது நாலங்குலக் குழாய்.

இதற்கு அறிவிப்புப் பலகை போதாது. கதவுக்குப் பின்னால் பதினைந்து விதிகள் ஒட்டியிருக்கும் வீடுகளில்தான் அதிகம் அடைக்கிறது என்று சொன்னால் மிகை, ஆனால் அவை அடைப்பைத் தடுத்ததாகத் தெரியவில்லை. குளியலறைக்கு உள்ளேயே, கையெட்டும் தூரத்தில், காலால் மிதித்துத் திறக்கும் மூடி போட்ட கூடை. பக்கத்தில் பழைய நாளிதழ்த் துண்டுகள். ‘முடி, நாப்கின், பாக்கெட் எல்லாம் இதில்’ என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் ஒரே வரி. படுக்கையறை மூலையில் கூடை வைத்துவிட்டு, ஈரக் கையோடு வெளியே வந்து போடுவார்கள் என்று எதிர்பார்ப்பது நடக்காத காரியம்.

வாட்டமும் நீர்ப்பூட்டும்

தரையில் தண்ணீர் தேங்கினால் அது அடைப்புத்தான் என்று முடிவுகட்ட வேண்டாம். கொத்தனார் வாட்டம் சரியாக விட்டாரா என்று முதலில் பாருங்கள். கதவுப் பக்கத்திலிருந்து ஜாலி வரை ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றினால் அது தானாக ஓடிச் சேர வேண்டும். பழைய தோட்ட பங்களாக்களில் மேலே புது டைல்ஸ் போட்டு அழகாக்கும்போது வாட்டம் செத்துப்போகிறது. தண்ணீர் தயங்கினால் முடியும் சோப்பும் வழியிலேயே தங்கும். குழாய்க்கும் வாட்டம் உண்டு; மூன்று அங்குலக் குழாயென்றால் நாற்பது அடிக்கு ஓரடி இறக்கம் என்பது வழக்கமான கணக்கு. மலைச்சரிவில் வீடு இருப்பதால் இறக்கத்துக்குப் பஞ்சமில்லையே என்று தோன்றும். ஆபத்து அங்கேதான். செங்குத்தாக விழும் குழாய் சட்டென்று சமதளத்துக்குத் திரும்பும் முட்டில் தண்ணீரின் வேகம் அடங்குகிறது, கூட வந்த மண்ணும் மசகும் அங்கே உட்காருகின்றன. நாகலூர் போன்ற ஊரில் அடைப்பைத் தேடும்போது அந்தத் திருப்பத்திலிருந்து ஆரம்பிப்பது புத்திசாலித்தனம். ஒவ்வொரு திருப்பத்திலும் சாதாரண பெண்டுக்குப் பதில் மூடி திறக்கும் டோர் பெண்ட் போடச் சொல்லுங்கள். கட்டும்போது கூடுதல் செலவு சொற்பம். பிறகு தரையை உடைக்க நேர்ந்தால் சொற்பமில்லை.

ஜாலிக்கு அடியில் ஒரு கிண்ணம் போன்ற வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அந்த நீர்ப்பூட்டுத்தான் சாக்கடைக் காற்றையும் கரப்பானையும் உள்ளே வரவிடாமல் தடுக்கிறது. குழாயை வளைத்துத் தண்ணீரைத் தேக்கும் இந்த யோசனைக்கு 1775-ல் லண்டனில் காப்புரிமை வாங்கியவர் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரம் செய்பவர். தரையில் பதிக்கும் இந்த வளைவை நம் பிளம்பர்கள் ‘நானி டிராப்’ என்பார்கள். நல்ல டிராப்பில் இரண்டு அங்குல ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும். மலிவு டிராப்பில் அதில் பாதிகூட நிற்பதில்லை.

குடும்பம் வாழும் வீட்டில் இந்தத் தண்ணீர் தினமும் புதுப்பித்துக்கொள்ளும். வாடகைக்கு விடும் வீட்டில், சீசன் இல்லாத மாதங்களில், மூன்றாவது அறை வாரக்கணக்கில் பூட்டிக் கிடக்கும். தண்ணீர் ஆவியாகிவிடும், வளைவில் இருந்த முடியும் சோப்பும் காய்ந்து கருவாடாகும். விருந்தினர் அறையைத் திறந்ததும் நாற்றம். அடைப்பு என்று நினைத்து வீட்டுக்காரர் ஆசிட் ஊற்றுவார். தேவைப்பட்டது இரண்டு சொம்பு தண்ணீர். இதை வெறும் நாற்றப் பிரச்சினையாக நினைக்கவும் வேண்டாம். 2003 மார்ச்சில் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பில் 300-க்கும் மேற்பட்டவர்களுக்கு சார்ஸ் பரவியது. குளியலறைத் தரை டிராப்புகள் காய்ந்து போயிருந்ததும், எக்ஸாஸ்ட் ஃபேன் சுழலும்போது கழிவுக் குழாயிலிருந்த நுண்திவலைகளை வீட்டுக்குள் இழுத்ததும் முக்கியக் காரணமாக இருக்கக்கூடும் என்று விசாரணைகள் சொல்லின. பூட்டிய அறையில் வாரம் ஒருமுறை எல்லா டிராப்பிலும் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஃப்ளஷ் ஒருதரம் இழுக்க வேண்டும். ஆவியாகாமலிருக்க மேலே கொஞ்சம் எண்ணெய் விடுவது ஒரு பழைய உபாயம். மார்கழியில் தேங்காய் எண்ணெயை மட்டும் ஊற்றிவிடாதீர்கள்.

எங்கே அடைப்பு என்பதை வீடே சொல்லிவிடும். ஒரு ஜாலியில் மட்டும் தண்ணீர் தயங்கினால் கோளாறு அந்த டிராப்பில். பேசினைத் திறந்தால் தரை ஜாலி ‘களக் களக்’ என்றால் இரண்டும் சேரும் குழாயில். ஃப்ளஷ் இழுக்கும்போது குளிக்கும் இடத்தில் குமிழ் வந்தால் வெளியே குழாய்கள் சேரும் சேம்பரைத் திறந்து பாருங்கள். அல்லது வென்ட் பைப்பின் வாயில் குருவி கூடு கட்டியிருக்கலாம். மழை பெய்த மறுநாள் எல்லாமே ஒன்றாகத் தயங்கினால் குழாயில் குற்றமில்லை, உறிஞ்சு குழி நிரம்பிவிட்டது. மூட்டு சரியில்லாத பழைய குழாய்களுக்குள் மர வேர் நுழைவதும் தோட்ட வீடுகளில் உண்டு. அதற்கு மருந்து நிரந்தரத் தீர்வாகாது. குழாயைத்தான் மாற்ற வேண்டும்.

ஊற்றிவிட்டால் போதுமா?

கடையில் கிடைக்கும் அடைப்பு நீக்கிகளில் பெரும்பாலானவை காஸ்டிக் சோடாதான். கொழுப்பைச் சோப்பாக்கும், முடியையும் மெல்லக் கரைக்கும். அதன் பலத்தில் சந்தேகமில்லை. ஏற்காடு அமர்ந்திருக்கும் இந்தச் சேர்வராயன் மலையின் உச்சியில் வெட்டிய பாக்சைட்டை மேட்டூரில் மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி கரைத்து அலுமினா எடுத்ததும் காஸ்டிக் சோடாவில்தான். ஆனால் அங்கே கொதிநிலைக்கு மேல் சூடும் அழுத்தமும் இருந்தன. நாகலூர் குளியலறையில் குளிர்ந்த தண்ணீர் கணுக்கால் அளவுக்கு நிற்கிறது. மேலிருந்து போடும் சோடா அதில் நீர்த்துப்போய் அடைப்பின் தலையை மட்டும் தொடும். அடியில் கட்டியாக இறுகி நிலைமையை மோசமாக்குவதும் உண்டு. பிறகு பொறுமையிழந்து யாரோ ஒருவர் கழிவறை கழுவும் ஆசிட்டையும் மேலே ஊற்றுவார். காஸ்டிக்கும் ஆசிட்டும் சேர்ந்தால் கொதித்துத் தெறிக்கும். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு. ஜன்னல் சிறுத்த குளியலறையில் அது உயிரோடு விளையாடுவது. கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றுவதும் வேண்டாம், பி.வி.சி. இளகி மூட்டு விட்டுவிடும். கை பொறுக்கும் சூடு எண்ணெயை இளக்கப் போதும். சமையல் சோடாவும் வினிகரும் ஊற்றி நுரை பொங்குவதை வீடியோவில் காட்டுகிறார்கள். ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு கடைசியில் மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர்.

இந்த ரசாயனங்கள் எல்லாம் போய்ச் சேரும் செப்டிக் டேங்க், பாக்டீரியாவை நம்பி ஓடுகிறது. வாராவாரம் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் இறங்கினால் பாக்டீரியா தாக்குப்பிடிக்காது. மலம் மக்காது, டேங்க் சீக்கிரம் நிரம்பும், மறுபடி அடைக்கும். கருவி என்றால் மூன்று போதும்: பல் வெட்டிய பிளாஸ்டிக் பட்டை, ரப்பர் பம்ப், ஸ்பிரிங் கம்பி. பம்ப் அடிக்கும்போது ரப்பர் மூழ்கும் அளவு தண்ணீர் இருக்க வேண்டும். பேசினென்றால் மேலே இருக்கும் வழிவுத் துளையை ஈரத் துணியால் அடைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் காற்றைத்தான் தள்ளுகிறீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், ஜாலிக்குக் கீழே உட்காரும் முடி வடிகட்டி. வாங்கி மாட்டுவது எளிது. அதை யார், எப்போது எடுத்துச் சுத்தம் செய்வது என்று தீர்மானிக்காவிட்டால் அதுவே அடைப்பாகும். ஒவ்வொரு விருந்தினர் போனதும், படுக்கை விரிப்பு மாற்றுவதற்கு முன்பே, வடிகட்டியை எடுத்துக் கொட்டிவிட்டு ஒரு பக்கெட் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றிப் பார்க்க வேண்டும். சர்ரென்று போனால் சரி. சுழன்று தயங்கினால் அடுத்த குடும்பம் வருவதற்குள் பிளம்பருக்குச் சொல்ல நேரம் இருக்கிறது.

யார் சுத்தம் செய்வது என்ற அந்தத் தீர்மானம் பல வீடுகளில் யாரும் எடுக்காமலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் தம்பதியில் அந்த அம்மா, புடவையைச் சொருகிக்கொண்டு, வெறும் கையை விட்டு யாரோ எட்டுப் பேரின் முடியை இழுத்து எடுக்கிறார். சம்பளம் பேசும்போது இந்த வேலை பேச்சிலேயே வருவதில்லை. முழங்கை வரை ஏறும் கையுறை, ஒரு கொக்கி, இந்த வேலைக்கென்று தனிக் கூலி ஆகிய மூன்றையும் கொடுக்காத வீட்டுக்காரர், விருந்தினரின் ஒழுக்கம் பற்றிப் பேச வேண்டியதில்லை.

ஜாலியைத் தாண்டி செப்டிக் டேங்க் என்று வந்துவிட்டால் அது கூலி விவகாரம் மட்டுமல்ல. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்புச் சாதனமில்லாமல் ஆளை டேங்குக்குள் இறக்கிச் சுத்தம் செய்யவைப்பது குற்றம். முதல் தடவைக்கே இரண்டு ஆண்டுவரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். இப்படி நேரும் சாவுக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொன்னது. மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கும்போதே ஹைட்ரஜன் சல்ஃபைடு ஆளை வீழ்த்திவிடக்கூடும். விழுந்தவரைத் தூக்க இறங்கும் இரண்டாவது ஆளும் பல நேரங்களில் திரும்புவதில்லை. தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் இந்த வரிசை திரும்பத் திரும்ப வருகிறது. “தோட்டத்து ஆள் ஒருத்தர் இருக்காரு, இறங்கிடுவாரு” என்று யாராவது யோசனை சொன்னால், அந்த யோசனையை அங்கேயே நிறுத்துங்கள்.

இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை டேங்கை லாரி வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும் என்பது மத்திய அரசின் கையேடு சொல்லும் அளவு. அது குடும்பம் வாழும் வீட்டுக்கு. நான்கு பேருக்குக் கட்டிய டேங்கில் வார இறுதிதோறும் பன்னிரண்டு பேரை ஏற்றும் வீட்டுக்கு இன்னும் சீக்கிரம். உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையில் குறைந்தது 18 மீட்டர் வேண்டும் என்கிறது இந்தியத் தரக் குறியீடு. சரிவில் அந்த 18 மீட்டரும் பெரிய ஆறுதல் இல்லை. மேல்மண் சில அடிதான், அதற்குக் கீழே பாறை. குழியில் இறங்கிய நீர் பாறையின் முதுகில் வழுக்கிக்கொண்டு கீழ்ப்பக்கத்து ஊற்றில் எட்டிப்பார்க்கும். அந்த ஊற்றை நம்பி யார் வீடாவது இருக்கும். கூரை மழைத்தண்ணீரைச் சேம்பரில் கலக்க விடாதீர்கள். ஐப்பசி மழையில் ஏற்கெனவே ஊறிக் கிடக்கும் குழியை நிரப்பித் தள்ள அது ஒன்றே போதும்.

டேங்க் எடுக்க நல்ல நேரம் மாசி. தோட்டத்துப் பாதை காய்ந்திருக்கும், லாரி சிக்காது. கோடைக் கூட்டத்துக்கு முன்பாக டேங்க் காலியாகியிருக்கும். உரிமம் உள்ள வண்டிதானா என்று பார்த்துக் கூப்பிடுங்கள். விலை பேசுவதற்கு முன் கேட்க வேண்டியது, எடுத்ததை எங்கே கொட்டுவீர்கள் என்பது. சுத்திகரிப்பு நிலையம் கீழே சமவெளியில்தான். அதுவரை இறங்கி ஏறும் டீசலையும் சேர்த்துத்தான் அவர் தொகை சொல்ல முடியும். அதைவிட மிகவும் குறைத்துச் சொல்கிறார் என்றால், வண்டியை 20 வளைவுகளில் எதில் நிறுத்தப் போகிறார் என்று கேளுங்கள்.